ஐந்து நட்சத்திரமும் உப்புக்காற்றும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைப் பார்க்காமல் போக முடியாது. சாலையோரமே பாத்தி பாத்தியாக உப்பளம், வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். பஸ் ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். அந்தப் படத்தை எடுத்த போனை அதே ஊரில் ஒரு வருஷம் வைத்திருந்தால் என்ன ஆகும்? இணையத்தில் தேடினால் இதற்குப் பதில் கிடைக்காது. அந்த போனுக்கு ஆயிரக்கணக்கில் வாடிக்கையாளர் கருத்து இருக்கும், 4.3 நட்சத்திரம் இருக்கும். "சூப்பர்", "வொர்த்", "காசுக்கு ஏத்த பொருள்" எல்லாம் இருக்கும். பதில் மட்டும் இருக்காது.

ஆன்லைனில் வாங்கிய பொருளைப் பற்றி ஜனங்கள் எழுதும் கருத்துகளை "நுகர்வோர் ஜனநாயகம்" என்று புகழ்கிறவர்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு, எல்லா ஓட்டையும் கூட்டினால் உண்மை வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு தப்பு. எந்த ஊரில், எத்தனை மாதம் கழித்து என்று சொல்லாத கருத்து லட்சம் சேர்ந்தாலும் அதை நம்பி ஒரு ரூபாய் செலவழிக்க முடியாது. அந்தத் தப்புக்கு முதலில் காசு கொடுப்பவர்கள் மரக்காணம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள்தான்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு பையன், அப்பா அம்மா இருவரும் உப்பளத்தில் வேலை. உப்பளத்தில் மழைக்காலம் வந்தால் வேலை கிடையாது. பாத்தியில் மழைத் தண்ணீர் நின்றால் உப்பு எங்கே விளையும்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலி நின்றுபோகும் என்பதால்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் என்று தமிழக அரசு ஒரு திட்டமே கொண்டுவந்தது. இணையக் கடைகளின் பண்டிகைத் தள்ளுபடி எப்போது வருகிறது? செப்டம்பர், அக்டோபரில். (ஃப்ளிப்கார்ட்டின் முதல் 'பிக் பில்லியன் டே' நடந்தது 2014 அக்டோபர் 6.) கையில் கடைசிக் கூலி இருக்கும் நேரம் பார்த்து, சரியாக வந்து கதவைத் தட்டுகிறது தள்ளுபடி. பையன் தவணையில் ஒரு போன் வாங்குகிறான். பெட்டியைப் பிரித்த அன்றே 5 நட்சத்திரம் போட்டு, "டெலிவரி சூப்பர்" என்று எழுதுகிறான்.

அடுத்த மழைக்காலம். பதிமூன்றாவது மாதம். போன் சார்ஜ் ஏறவில்லை. திண்டிவனத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போகிறான்.

"வாங்கி ஒரு வருஷம்தாண்ணா ஆவுது."

"எந்த ஊருப்பா?"

"மரக்காணம்ணா."

"அதான பார்த்தேன். உள்ள பாரு, பச்சை பூத்துக் கெடக்குது. உப்புக்காத்து தம்பி. வாரண்டி இருந்தாலும் தண்ணி பட்டிருக்குன்னு சொல்லித் திருப்பித்தான் அனுப்புவான்."

ரிப்பேர் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியைக் கவனியுங்கள். "எந்த ஊருப்பா?" லட்சக்கணக்கான கருத்துகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் கடைகள் கேட்கத் தவறிய கேள்வி அது. ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒரு நொடியில் கேட்டுவிடுகிறார்.

அவர் சொன்னதில் அறிவியல் இருக்கிறது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். கடற்கரையில் ராத்திரியிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் இதைத் தாண்டுவது சர்வசாதாரணம். கடல் உப்பில் சோடியம் மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுக்கும். சமையலறை ஜாடியில் கல்லுப்பு கசிந்து ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, காரணம் பெரும்பாலும் அதுதான். இந்த உப்புத்தூள் போனின் சார்ஜ் துளைக்குள் போய் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈரப்படலம் அங்கே எப்போதும் இருக்கும். அதன் மேல் மின்சாரமும் பாய்ந்தால் செம்பு அரிக்காமல் என்ன செய்யும்? பச்சைக் களிம்பு பூக்கிறது. தண்ணீரில் ஒரு தடவைகூட விழாத போன் தண்ணீரில் விழுந்த போன் மாதிரி சாகிறது.

உற்பத்தியாளர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். 5 சதவீத உப்புக்கரைசலை 35 டிகிரி செல்சியஸில் மூடுபனி போலத் தெளித்து அரிமானத்தைச் சோதிக்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமும் உப்புமூட்டச் சோதனைக்கென்று தனித் தரநிலை வைத்திருக்கிறது. ஆனால் கடையில் விளம்பரம் செய்யப்படுவது அது அல்ல, "ஐபி 68" என்ற எழுத்துகள்தான். அந்தச் சோதனை நடப்பது நன்னீரில்! கடல் காற்றைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்வதில்லை. உற்பத்தியாளர் சொல்லாததைச் சொல்வதற்குத்தானே வாடிக்கையாளர் கருத்து என்ற ஏற்பாடு? அதுவும் சொல்லவில்லை என்றால் அது எதற்கு?

அமேசானின் இந்தியத் தளத்தில் ஒரு கருத்தின் மேலே என்ன இருக்கும்? "இந்தியாவில் எழுதப்பட்டது", பிறகு தேதி. இந்தியா! லடாக்கின் குளிரும் ராஜஸ்தானின் வறட்சியும் மரக்காணத்தின் உப்பும் ஒரே சொல்லில் அடக்கம். ஃப்ளிப்கார்ட்டில் வாங்கியவரின் ஊர்ப்பெயர் தெரிகிறது, அதற்காகப் பாராட்டலாம். ஆனால் அது பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் கிடக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் புள்ளியில் ஊருக்கு இடமில்லை. 2015 முதல் அமேசான் வெறும் சராசரி எடுப்பதில்லை. கருத்து எவ்வளவு புதியது, எழுதியவர் உண்மையில் வாங்கியவரா என்பதற்கெல்லாம் தனி எடை கொடுக்கிறது. கணினிக்கு இவ்வளவு புத்தி சொல்லிக்கொடுத்தவர்களுக்கு, கடற்கரை என்று ஒன்று இருப்பது மட்டும் எப்படி மறந்துபோனது? பார்சல் கொண்டுவரப் பின்கோடு வேண்டும். கருத்தைப் போடும்போது அதே பின்கோடு வேண்டாமா?

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதை உப்பளத்திலேயே பார்க்கலாம். அங்கே தண்ணீரின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு "டிகிரி" பார்ப்பார்கள். கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி. வெயிலில் சுண்டிச் சுண்டி ஏறக்குறைய 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு படியும். 29, 30 தாண்டினால் மெக்னீசிய உப்புகள் கலந்து கசப்பு ஏறும். இப்போது ஒரு புத்திசாலி வந்து, 3 டிகிரி இருக்கும் பாத்தியையும் 25 டிகிரி இருக்கும் பாத்தியையும் கூட்டி வகுத்து "இந்த உப்பளத்தின் சராசரி 14 டிகிரி" என்று பலகை எழுதி வைத்தால்? 14 டிகிரியில் ஒரு கல் உப்புகூட விளையாது! உப்பளத்துக்காரர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். எந்தப் பாத்தி, எந்த நாள் என்று சொல்லாத டிகிரிக்கு அங்கே மதிப்பில்லை. அதே குடும்பத்துப் பிள்ளைகள் போன் வாங்கும்போது மட்டும் 4.3 என்ற பலகையை நம்ப வேண்டியிருக்கிறது.

அடுத்தது காலம். மேலே சொன்ன பையன் போட்ட 5 நட்சத்திரம் என்ன ஆனது? போன் செத்த பிறகும் அது அப்படியே இருக்கிறது. கூனிமேட்டிலோ அனுமந்தையிலோ இன்னொரு பையன் அதைப் பார்த்து அதே போனை வாங்குவான். ஏமாந்தவனே அடுத்தவனை ஏமாற்றும் ஏற்பாடு இது, அதுவும் அவனுக்கே தெரியாமல்.

பெட்டி பிரித்த அன்றே ஏன் இப்படி நட்சத்திரத்தை வாரி இறைக்கிறார்கள்? காரணம் பயம். 2014 அக்டோபரில் ஸ்னாப்டீலில் சாம்சங் போன் ஆர்டர் செய்த ஒருவருக்கு விம் சோப்பு வந்த கதை நாடு முழுக்கப் பேசப்பட்டது. (கடைசியில் சோப்புக் கம்பெனியான ஹிந்துஸ்தான் யூனிலீவரே அவருக்கு ஒரு போன் அனுப்பி நல்ல பெயர் வாங்கிக்கொண்டது!) இப்படிப்பட்ட செய்திகளைக் கேட்ட ஜனங்களுக்குப் பெட்டிக்குள் போன் இருந்தாலே சந்தோஷம். அந்த நிம்மதிக்குத்தான் 5 நட்சத்திரம். அது கொரியர் பையனுக்குப் போக வேண்டிய மார்க். போனுக்கு இன்னும் பரீட்சையே ஆரம்பிக்கவில்லை. போதாததற்கு 2019-ல் ஒரு வார்த்தைகூட எழுதாமல் நட்சத்திரத்தை மட்டும் அழுத்திவிட்டுப் போகும் வசதியை அமேசான் கொண்டுவந்தது. இருந்த கொஞ்சம் விவரமும் போச்சு.

புத்தகத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? மரக்காணத்தில் இருக்கும் மாணவருக்கு நல்ல புத்தகக் கடை வேண்டுமென்றால் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். இணையக் கடை அவருக்கு வரப்பிரசாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் 'பொன்னியின் செல்வன்' வாங்கலாம் என்று தேடினால் என்ன நடக்கிறது? கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், பல பதிப்பகங்கள் அச்சடிக்கின்றன. அருமையான கட்டமைப்பும் உண்டு, கண்ணைக் கெடுக்கும் பொடி எழுத்தும் உண்டு. ஒரு பதிப்புக்கு எழுதிய கருத்து இன்னொரு பதிப்பின் கீழேயும் வந்து நிற்கிறது. "கல்கி கல்கிதான்" என்று ஒருவர் 5 கொடுக்கிறார், "அட்டை மடங்கி வந்தது" என்று ஒருவர் 1 கொடுக்கிறார். முதல் கருத்து 1950-54-ல் தொடர்கதையாக வந்த நாவலைப் பற்றியது, இரண்டாவது பார்சலைப் பற்றியது. இரண்டையும் கூட்டி 3 என்று போட்டால் அந்த 3 எதைப் பற்றியது? யாராவது சொல்லுங்களேன். ஈரக்காற்றில் பசை விட்டுப்போய் ஐந்து பாகத்தில் எந்தப் பாகம் முதலில் பிரிந்தது என்று எழுத ஆளில்லை.

இதெல்லாம் நல்ல மனசோடு எழுதுகிறவர்களின் கதை. காசுக்கு எழுதுகிறவர்கள் வேறு. 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷன், இணையக் கடையில் காசு கொடுத்துப் பொய்க் கருத்து எழுதவைத்த ஒருவர் மீது முதன்முறையாக நடவடிக்கை எடுத்தது. பொருள், உடம்பு இளைக்க வைப்பதாகச் சொன்ன ஒரு மாத்திரை. அதிலிருந்த சரக்கு கார்சினியா கம்போஜியா, அதாவது கேரளத்தில் மீன் குழம்பில் போடும் குடம்புளி! விற்பனை நடக்க வேண்டுமானால் புள்ளி 4.3-ல் நிற்க வேண்டும் என்று சொல்லித்தான் அவர் பொய்க் கருத்துக்கு ஆள் பிடித்தார் என்பது அந்த வழக்கில் வெளிவந்தது. மேலே சொன்ன போனின் 4.3 நினைவிருக்கிறதா? வாங்குகிறவர் கண்ணுக்கு எந்த எண் நம்பகமாகத் தெரியும் என்பது விற்கிறவருக்கு அத்துப்படி.

படித்தவர்கள் எழுதும் புத்தக உலகமும் யோக்கியமில்லை. 2004-ல் அமேசானின் கனடாத் தளத்தில் ஒரு கோளாறால் முகமூடிப் பெயர்கள் கழன்று நிஜப்பெயர்கள் வெளியே வந்தபோது, சில எழுத்தாளர்கள் தங்கள் புத்தகத்தைத் தாங்களே புகழ்ந்திருந்தது தெரிந்தது. 2010-ல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஆர்லாண்டோ ஃபைஜிஸ், பெயர் மறைத்துத் தன் நூல்களைப் புகழ்ந்தும் சக ஆசிரியர்களின் நூல்களைத் திட்டியும் எழுதியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். வரலாற்று ஆவணங்களின் நம்பகத்தன்மையை ஆராய்வது அவர் தொழில்!

இந்தியாவில் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், விற்பவரே வாங்கியவர் போல வேஷம் போட்டுக் கருத்து எழுதக் கூடாது என்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணையக் கருத்துகளுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. நல்ல முயற்சி. ஆனால் வந்தபோது அது விருப்பம் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்ற அளவில்தான் வந்தது. கட்டாயமாக்கலாமா என்று 2024 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நிறுவனங்களைக் கூப்பிட்டுப் பேசியது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் பொய்க் கருத்துக்கு அபராதம் விதிக்கும் விதி நடைமுறைக்கே வந்துவிட்டது. இந்த விதிகளெல்லாம் முக்கியமாகக் கவலைப்படுவது எழுதியவர் நிஜ ஆளா என்பதைப் பற்றி. வேண்டியதுதான். ஆனால் நிஜ ஆள் முதல் நாளே எழுதிய கருத்து மரக்காணத்துக்கு எதற்கு உதவும்?

"அப்படியானால் கருத்துகளே வேண்டாமா? பழையபடி கடைக்காரர் வாயை நம்பச் சொல்கிறீர்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பக்கத்து டவுன் கடைக்காரர் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. தேங்கிப்போன சரக்கைத் தலையில் கட்டுகிறவர் அங்கேயும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். அவர் விற்ற ஃபேன் துருப்பிடித்தால் அவர் கடை வாசலில் போய் நிற்கலாம், நாலு பேர் காதுபடக் கேட்கலாம். அவருக்கும் அதே காற்று, அதே துரு. "இந்தக் கம்பெனி வேணாம்மா, நம்ம ஊருக்குத் தாங்காது" என்று அவர் சொல்லும் ஒரு வரியில் ஊரும் இருக்கிறது, காலமும் இருக்கிறது. இணையக் கருத்து அந்த ஒரு வரியின் வேலையைச் செய்திருக்க வேண்டும். மரக்காணத்தில் ஒரு பொருள் எப்படி உழைக்கிறது என்பதை நாகப்பட்டினத்தில் இருப்பவரும் ராமேஸ்வரத்தில் இருப்பவரும் ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். எந்தக் கடைக்காரராலும் முடியாத காரியம் அது. முடியும் என்பதால்தான் செய்யாதது குற்றம்.

இது சொகுசுப் பிரச்சினையும் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இந்தக் கடற்கரை முழுக்க மழையில் முழுகியது. அப்படிப்பட்ட ராத்திரியில் ஒரு குடும்பத்துக்கு எச்சரிக்கை வருவதும், உறவினருக்குச் சேதி போவதும் அந்த ஒரு போனில்தான். அன்றைக்கு அது சார்ஜ் ஏறவில்லை என்றால் 4.3 நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைகள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. கருத்தைப் பொருள் வந்த அன்றே கேட்காமல், ஆறு மாதம் கழித்தும் ஒரு வருஷம் கழித்தும் மறுபடி கேட்கட்டும். பார்சலுக்கு ஒரு மார்க், பொருளுக்குத் தனி மார்க் என்று பிரிக்கட்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் சொன்னதைத் தனியாகக் காட்டட்டும். அரசு ஐஎஸ் 19000-ஐக் கட்டாயமாக்கும்போது இந்த மூன்றையும் சேர்க்கட்டும். விற்பனை குறையும் என்று கடைகள் முனகும், முனகட்டும்.

அதுவரை வாங்குகிறவர்கள் கையில் இருப்பது எழுத்து மட்டும்தான். படிக்கிற பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் பொறுப்பு. வீட்டில் அப்பா அம்மாவுக்குப் பதிலாக ஆர்டர் போடுவதும் நட்சத்திரம் அழுத்துவதும் அவர்கள்தானே? இன்றைக்கு ஒரு வேலை செய்யலாம். ஒரு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய ஏதாவது ஒரு பொருளை எடுத்துப் பாருங்கள். போன், ஹெட்போன், டார்ச் லைட், புத்தகம், எதுவானாலும் சரி. அன்றைக்கு என்ன கருத்து எழுதினீர்கள் என்று தேடிப்போய் அதைத் திருத்துங்கள். எந்த ஊர், எத்தனை மாதம், இப்போது எப்படி இருக்கிறது. மூன்றே வரி போதும். "மரக்காணம். பதிமூன்று மாதம். சார்ஜ் துளை அரித்துவிட்டது" என்று அந்தப் பையன் எழுதியிருந்தால் கூனிமேட்டுப் பையனின் காசு தப்பியிருக்கும்.